சகலை வீட்டுக் கரண்டு

உள்ள வந்து உக்காருங்க தம்பி. வெயில்ல நின்னுக்கிட்டு அந்தப் பொட்டியோட திரையையே பாத்துட்டிருந்தா மட்டும் வேகமா ஏறிருமா? எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும். இங்க ஃபேன் இருக்குது, பேப்பர் இருக்குது. டீ சொல்லட்டுங்களா?

சென்னைலருந்துங்களா. கோயமுத்தூருக்கா. சரி சரி. வண்டி நல்லாத்தான் இருக்குது, பெரிய கம்பெனி வண்டி. எங்க மாப்ள பண்ற வண்டி இதுல பாதிதான் இருக்கும். ஆமாங்க, எங்க மாப்ள கரண்டு கார் பண்றாரு. பங்க்குக்குப் பின்னால ஷெட்டு தெரியுதுல்ல, அதுலதான்.

ஆனா நான் பெட்ரோல்காரன் தம்பி. அதை முதல்லயே சொல்லிப்போடறேன். பேரு நாச்சிமுத்து. பெருந்துறைல வந்து கேட்டுப் பாருங்க, பெட்ரோல் நாச்சிமுத்துன்னாத்தான் தெரியும். என் பங்க்குல, என் டீசல் பம்புக்குப் பக்கத்துல, கரண்டுப் பொட்டி ஒண்ணு நிக்குதுன்னா அது என் ரோசனை இல்ல. தெக்கலூர்ல எங்க சகலை ஊர்க் கோயில் நோம்பிக்கு ரெண்டு நாள் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா நிக்குது. யார் வெச்சதுன்னு பசங்களக் கேட்டா எல்லாரும் மேல பாக்கறாங்க, கீழ பாக்கறாங்க.

சகலைன்னு இப்ப வாய் நெறையச் சொல்றனே, அந்த மனுசனோட எனக்குப் பத்துப் பன்னெண்டு வருசம் பேச்சுவார்த்தையே கிடையாது. எப்படி மறுபடியும் பேசினோம்னா, ஒரு கரண்டு வண்டி போய் நடுரோட்டுல நின்னதால பேசினோம். உங்களுக்கும் நேரம் இருக்குது, எனக்கும் நேரம் இருக்குது. கேளுங்க.

எனக்கு ஒரே பொண்ணு. கோகிலா. அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள ஃபோன்ல சத்தம் போட்டுட்டிருக்குதே, அதுதான். டேங்கர் வர்றதுக்கு லேட்டாயிருச்சு போல, டிப்போக்காரன வாங்கு வாங்குன்னு வாங்குது. படிச்சு முடிச்ச நாள்லருந்தே அப்படித்தான். காலைல வந்து டேங்க்ல குச்சி விட்டு அளவு பாக்கும், அடர்த்தி பாக்கும், கம்பெனி ஆபீசர் வந்தா அதுதான் எதுத்து நின்னு பேசும். சரி, பொட்டப்புள்ள பொழுதுபோக்குக்குப் பண்ணுதுன்னு விட்டுட்டேன். என் வெசனமெல்லாம் எனக்கப்பறம் இந்த பங்க்க யாரு பாக்கறதுங்கறதுதான். அதுக்காகவேதான் மாப்ளயத் தேடித் தேடிப் புடிச்சேன்.

கிருபாகரன்னு பேரு. பொள்ளாச்சிப் பக்கம். எஞ்சினியரு, ஓசூர்ல கார் கம்பெனில வேலைன்னாங்க. காருன்னா பெட்ரோல் போட்டுத்தான ஆகணும், நம்ம தொழிலுக்குத் தோதாப் போச்சுன்னு நெனச்சேன். கலியாணம் முடிஞ்சு விருந்துக்கு வந்தவரு, கறிச்சோறு போட்டு உக்கார வெச்சிருக்கறப்பச் சொல்றாரு, “கரண்டுக் காருக்குப் பேட்டரி பண்றதுதானுங்க மாமா என் வேலை”ன்னு. எனக்கு அந்த வாய்ச் சோறு எறங்கல.

முன்னாடியே விசாரிக்கலியான்னு கேக்கறீங்க. ஜாதகம் விசாரிச்சோம், தோட்டம் விசாரிச்சோம், தண்ணி அடிப்பாரான்னு விசாரிச்சோம். அவரு கம்பெனி வண்டி எதுல ஓடும்னு விசாரிக்கற வழக்கம் நம்ம பக்கம் இல்லீங்களே.

அதோட விட்டாரா? புள்ள பொறந்து ஒரு வருசத்துல வேலைய விட்டுட்டு வந்து நிக்கறாரு. மொபட்ல புருசன் பொண்டாட்டி முன்னால ஒரு புள்ள பின்னால ஒரு புள்ளன்னு போறாங்கல்லீங்களா, அவங்க வாங்கற வெலைல ஒரு கரண்டுக் கார் பண்ணப் போறாராம். பின்னால இருக்கற லாரி ஷெட்டக் குடுங்க மாமான்னாரு. குடுத்தேன். ஏன் குடுத்தேன்னு நெனைக்கறீங்க? ஆறு மாசம் தட்டுவாரு, முட்டுவாரு, அலுத்துப்போவாரு. ஷெட்டுலருந்து எழுந்து பத்து எட்டு வெச்சா என் கல்லாப்பெட்டி. அதுல வந்து உக்காந்துக்குவாருன்னு ஒரு கணக்கு.

அந்த வண்டி பண்றதுல இருக்கற கஷ்டத்தச் சொன்னா நீங்க இந்த வண்டியவே வித்துப்போடுவீங்க. வெலைல பாதிய பேட்டரியே தின்னுருது. உள்ள போடற செல்லு வெளிநாட்டுலருந்து வரணும். கப்பல் லேட்டும்பான், வந்தா வெல ஏறிப்போச்சும்பான், வெல எறங்குனா சரக்கு இல்லைம்பான். மாப்ள என்ன பண்ணுனாரு, பேட்டரியச் சின்னதாக்குனாரு. சின்ன பேட்டரி தாங்கணும்னா வண்டி எளைக்கணுமில்ல. அதனால ஒவ்வொரு நட்டையும் தராசுல போட்டுப் பாப்பாரு. கதவு தகரம், சீட்டு துணி, டயரு ஆட்டோ டயருக்கு அண்ணன் மாதிரி. வீட்டுல மோட்டாருக்குக் குத்தற பிளக்குலயே சார்ஜ் ஏறும். இந்தப் பொட்டியாட்டம் வேகமாக் குடுக்கறதுல ஏறாது. அந்தச் சமாச்சாரத்த உள்ள வெச்சா அதுக்கொரு வெல ஆயிருமாம்.

நான் போய்ப் பாத்தேன். பாத்துட்டு, மாப்ளே, ஏசி எங்கேன்னேன். இல்லீங்க மாமான்னாரு. ஏசி இல்லாத காரை எவன் வாங்குவான், ஏசி வைங்கன்னேன். வெச்சாரு. பாட்டுப் பொட்டி இல்லாம எப்படின்னேன். கொஞ்சம் நல்லதாவே வெச்சாரு, பின்னால டப்பா வெச்சு. டயரு நோஞ்சானா இருக்குது, ரோட்டுல போனா ஒருத்தனும் வழி விட மாட்டான்னேன். பெருசு போட்டாரு. முன்னால ஒரு இரும்புக் கம்பி வளைச்சு வைங்க, எருமை கிருமை குறுக்க வந்தா என்ன பண்ணுவீங்கன்னேன். அதையும் வெச்சாரு. முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு, நல்ல மனுசன். மாமனாரு, ஷெட்டும் என்னுது. ஒவ்வொண்ணுக்கும் தலையச் சொறிஞ்சுட்டு, “ஓடற தூரம் கொறையுங்க மாமா”ன்னு மட்டும் சொல்லுவாரு.

கடைசில என்னாச்சு? வெலையும் ஏறிப்போச்சு, ஓடற தூரமும் கொறஞ்சுபோச்சு. அதுக்குத்தான் தம்பி சொல்றது, தொழில் தெரியாம எதுலயும் எறங்கக் கூடாதுன்னு.

வண்டியப் பாக்க ஊரே வந்துச்சு. வர்றவங்க கேக்கற கேள்வியிருக்குதே. மழை பேஞ்சா ஷாக் அடிக்குமான்னு ஒருத்தர். வீட்டுல கரண்டு போயிட்டா ரோட்டுல வண்டி நின்னுருமான்னு ஒருத்தர். பையனுக்குப் பொண்ணு பாக்க இதுல போய் எறங்குனா பொண்ணு குடுப்பாங்களான்னு ஒருத்தர் கேட்டாரு, அது நியாயமான கேள்வி. எல்லாரும் நல்லாருக்குது நல்லாருக்குதுன்னு தட்டிப் பாத்து, டீ குடிச்சுட்டு, நேராப் போய் பெட்ரோல் காருக்கு அட்வான்ஸ் குடுப்பாங்க. எடுத்த வண்டிய எங்கிட்டயே கொண்டாந்து டேங்க்கு ரொப்புவாங்க. மாப்ள ஷெட்டு வாசல்ல நின்னு பாத்துட்டிருப்பாரு. எனக்குப் பாவமாத்தான் இருக்கும். ஆனா யாவாரம் யாவாரம்தான?

இப்படி இருக்கறப்பத்தான் கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரிலருந்து கூப்பிட்டாங்க. கிராமத்துல படுத்த படுக்கையா இருக்கறவங்க வீட்டுக்கே போய்ப் பாக்கற நர்சுப் பொண்ணுங்க இருக்காங்களாம். அவங்களுக்குச் சின்ன வண்டியா, செலவில்லாத வண்டியா வேணும். பெரிய டாக்டரம்மா சொல்லிட்டாங்க, லாரில ஏத்திட்டு வரக் கூடாது, பெருந்துறைலருந்து ஓட்டிட்டே வாங்க, சாயங்காலம் நாலு மணிக்கு வாசல்ல நிக்கணும்னு. அந்த ஆர்டர் கெடைச்சாத்தான் வண்டிய அரசாங்க சர்ட்டிபிகேட்டுக்கு அனுப்பவே தெம்பு வரும்னு மாப்ள ராத்திரியெல்லாம் தூங்கல.

நான் என்ன நெனச்சேன்னு ஒளிக்காமச் சொல்றேன். வழில ஒரு தடவ நிக்கட்டும்னு நெனச்சேன். நல்லா, நாலு பேர் பாக்க நிக்கட்டும். அன்னைக்கோட இந்தக் கிறுக்குத் தெளிஞ்சு கல்லாவுல வந்து உக்காந்துருவாரு. ஒரு தகப்பன் இப்படி நெனைக்கறதுல என்ன தப்பு?

பெரியவங்க ஒருத்தர் கூட வந்தா மதிப்பா இருக்கும்னு நானும் கெளம்பிட்டேன். டாக்டரம்மாவப் பாக்க வெறுங்கையோடயா போறது, ரெண்டு மூட்டை தேங்காய் ஏத்திக்கிட்டேன். காலைல மாப்ள குளிச்சுட்டு வர்றதுக்குள்ள நான் அந்த வண்டிய எடுத்துட்டு ஈரோடு ரோட்டுல கொஞ்ச தூரம், காஞ்சிக்கோயில் ரோட்டுல கொஞ்ச தூரம் போய்ட்டு வந்தேன். ஊர்க்காரங்க பாக்கட்டும்னுதான். திரும்பி வந்தா மீட்டர்ல முள்ளு கொஞ்சம் எறங்கியிருந்துச்சு. மாப்ள முள்ளப் பாத்தாரு, கடியாரத்தப் பாத்தாரு. மறுபடி ஏத்தறதுக்கும் நேரமில்ல.

கெளம்பினோம். நான் ஏசியப் போட்டேன். மாப்ள, ஏசி வேண்டாங்க மாமா இன்னைக்கு ஒரு நாளைக்குன்னாரு. புழுங்குது மாப்ளேன்னு முழுசாத் திருப்பி வெச்சேன். பாட்டும் போட்டேன். ஏசி போட்டா வண்டி நிக்குதுன்னா அது ஏசியோட தப்புங்களா, வண்டியோட தப்புங்களா? நீங்களே சொல்லுங்க. இன்னைக்கு வரைக்கும் எங்கூட்டுல இதுக்கு ஒருத்தரும் பதில் சொன்னதில்ல.

அவினாசி தாண்டுச்சு. தெக்கலூர் போர்டு வந்துச்சு. வண்டி ஆமையாட்டம் ஊர ஆரம்பிச்சு, சர்வீஸ் ரோட்டுக்கு எறங்கி, ஒரு பேக்கரி முன்னால நின்னுபோச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குளுகுளுப்பு. வெளிய காட்டிக்கல.

பேக்கரிக்காரர் தங்கமான மனுசன். குத்திக்குங்கன்னு பிளக்கக் காட்டுனாரு. மாப்ள குத்துனதும் ஃபேன், லைட்டு, ஐஸ்கிரீம் பொட்டி, பன்னு சுடற அடுப்பு எல்லாம் ஒண்ணா அணைஞ்சுது. மறுபடி போட்டாரு, மறுபடி அணைஞ்சுது. கேக்குக்கு ஆர்டர் குடுத்துட்டு ஒரு குடும்பம் நிக்குது, புள்ள அழுகுது. அந்தத் தங்கமான மனுசன் வாய்ல அப்பறம் வந்த வார்த்தைய நான் சொல்ல மாட்டேன். கடைசில அவரே கை காட்டுனாரு, “அந்தா கோழிப்பண்ணை தெரியுது பாருங்க, அங்க பெரிய லைனு இருக்குது, அங்க போங்க”ன்னு.

அந்தக் கோழிப்பண்ணை யாருதுன்னு நெனைக்கறீங்க? எங்க சகலை சுப்பராயனோடது. எம்பொண்டாட்டி தெய்வானையோட தங்கச்சி சாந்தாமணி வீட்டுக்காரரு.

சண்டை எதனாலன்னு சொல்லணுமில்ல. ஒரு நாள் நம்ம பங்க்குக்கு வந்து பெட்ரோல் போட்டாரு. போட்டுட்டு, அளவு கேனைக் குடுங்கன்னாரு. அஞ்சு லிட்டர் கேன் எல்லா பங்க்குலயும் இருக்கும் தம்பி, யார் கேட்டாலும் ஊத்திக் காட்டணும்னு சட்டம். ஆனா சொந்தச் சகலை கேப்பாரா? சம்பளம் போட்ட நாளு, கூட்டம் அம்முது. அத்தனை பேர் முன்னால ஊத்துனான் பையன். கோட்டத் தொடறதுக்குத் துளி கொறச்சல். துளிதான். வெயில் சூட்டுக்கு ஆவியாயிருக்கும். சகலை ஏதாச்சும் கேட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். ஒண்ணுமே கேக்கல. கேனை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு, கீழ வெச்சாரு, வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. ஒண்ணும் சொல்லாமப் போனாரு பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. அன்னைக்கோட அந்த வாசப்படி மிதிக்கறதில்லைன்னு ஆச்சு. அக்கா தங்கச்சியும் பேசக் கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். பேசல. தெய்வானை நான் சொன்ன சொல்லைத் தட்டவே தட்டாது.

மாப்ளகிட்டச் சொன்னேன், வேற எங்க வேணாலும் தள்ளுங்க, அங்க வேண்டாம்னு. அவரு காதுல வாங்கவே இல்ல. பேக்கரிப் பசங்க, ரோட்டுல போனவங்க, எல்லாருமாத் தள்ளுனாங்க. நான் உள்ளயே உக்காந்து ஸ்டியரிங் புடிச்சேன். யாராச்சும் புடிக்கணுமில்ல.

பண்ணைக் கேட்டுல சகலை நின்னுட்டிருக்காரு. தள்ளிட்டு வர்ற கூட்டத்தப் பாக்கறாரு, வண்டியப் பாக்கறாரு, உள்ள என்னையப் பாக்கறாரு. நான் கண்ணாடிய எறக்கல. மாப்ள போய் வெவரம் சொன்னாரு. சகலை கேட்டை அகலமாத் தொறந்து விட்டுட்டு, தீவனம் அரைக்கற ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் பிளக்கக் காட்டுனாரு. வண்டில பச்சை லைட்டு எரிஞ்சுது. ஃபேனு, லைட்டு, ஒண்ணும் அணையல. அப்பறம் செவுத்துல இருந்த மீட்டரக் காட்டி எங்கிட்டச் சொன்னாரு, அத்தன வருசத்துக்கப்பறம் முதல் வார்த்தை:

“மீட்டர் ஓடுது சகலை. அளவு சரியா வருதான்னு பக்கத்துல நின்னு பாத்துக்குங்க.”

எனக்கு எப்படி இருந்திருக்கும்? எழுந்து போயிரலாம்னா போறதுக்கு வண்டி அங்கதான் குத்திக் கெடக்குது. பெட்ரோல் வண்டியா இருந்தா ஒரு கேன் ஊத்திட்டு அஞ்சு நிமிசத்துல மானத்தோட போயிருக்கலாம். இது கோழி அடை காக்கற மாதிரி மணிக்கணக்கா உக்காரணும். இந்தத் தொழில்ல இருக்கற பெரிய கொறையே இதுதான் தம்பி, சண்டை போட்ட வீட்டுல போய் உக்கார வெச்சுருது.

சாந்தாமணி காபி கொண்டாந்துச்சு. வாய்ல வெச்சா சர்க்கரையே இல்ல. ரெண்டு ஸ்பூன் சர்க்கரைக்குக்கூடக் கஞ்சத்தனமான்னு நெனச்சேன். அப்பறம் பாருங்க, நான் ஒண்ணும் சொல்லாமயே முழங்கால் வலிக்கு மணைக்கட்டை ஒண்ணக் கொண்டாந்து காலுக்கடில வெச்சுது. மத்தியானம் பாவக்காப் பொரியல் பண்ணுச்சு, உப்புக் கொறச்சலா. எனக்குச் சர்க்கரை, பிரஷர் எல்லாம் வந்தது இந்த அஞ்சாறு வருசத்துலதான். எப்படித்தான் என் ஒடம்புக்குத் தோதா அமைஞ்சுதோ, ஆண்டவன் செயல்.

சாப்பிடறப்ப சாந்தாமணி மெதுவாக் கேக்குது.

“ஏனுங்க மச்சான், இந்த வண்டி இன்னைக்குச் சரிப்பட்டு வர்லீன்னா கோகிலா குஜராத்துக்குப் போறது முடிவுதானுங்களா?”

எனக்குப் புரியல. எந்தக் குஜராத்துன்னேன். சாந்தாமணி நாக்கக் கடிச்சுட்டு உள்ள போயிருச்சு. மாப்ள எலையவே பாத்துட்டிருந்தாரு. புடிச்சுக் கேட்டப்பறம் சொன்னாரு. அங்க ஒரு பேட்டரி ஃபேக்டரில வேலை தர்றாங்களாம். வண்டி இன்னைக்குப் போய்ச் சேரலைன்னா ஷெட்டப் பூட்டிட்டு, கோகிலாவையும் பேரனையும் கூட்டிட்டு அங்க போயிர்றதா முடிவாம். வீடுகூடப் பாத்தாச்சாம். எங்கிட்ட மட்டும்தான் யாரும் சொல்லல.

கை கழுவற சாக்குல வெளிய வந்து கோகிலாவுக்கு ஃபோன் போட்டேன். ஏம்மிணி, ஷெட்டப் பூட்டுனா மாப்ள நம்ம பங்க்கப் பாத்துக்கட்டும், எதுக்குக் குஜராத்துன்னேன். யாருக்கோ பில்லு போட்டு அனுப்பற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் சொல்லுச்சு:

“பங்க்கப் பாத்துக்கறீங்களான்னு அவரத்தான் வருசம் பூராக் கேட்டீங்க. எங்கிட்ட ஒரு நாள் கேட்டீங்களாப்பா?”

அது என்னமோ கோவத்துல பேசுச்சு, எனக்கு ஒண்ணும் வெளங்கல. கோழிச் சத்தம் வேற. ஆனா கொரலு ஒடஞ்சிருந்துச்சு தம்பி. அது மட்டும் வெளங்குச்சு. அந்தப் பேரன் தெனமும் சாயங்காலம் வந்து என் மடில உக்காந்துக்கிட்டு, டிராயர் பாக்கெட்டுல கைய விட்டுக் கடலை மிட்டாய் தேடுவான். அதையும் நெனச்சேன். குஜராத்துல போய் யார் பாக்கெட்டுல தேடுவான்?

நேரா ரூமுக்குப் போனேன். மாப்ளே, எத்தன ஏறியிருக்குதுன்னேன். காயிதத்துல கணக்குப் போட்டுப் பாத்துட்டு, பத்தாதுங்க மாமான்னாரு. நாலு மணிக்குள்ள போகணும்னா இப்பக் கெளம்பணும். இப்பக் கெளம்புனா பாதி வழில நிக்கும்னாரு.

அப்பத்தான் நான் எறங்குனேன் களத்துல. முதல்ல ரெண்டு மூட்டை தேங்காயையும் எறக்குனேன். பின்னால பாட்டுப் பொட்டிய டப்பாவோட கழட்டச் சொன்னேன். முன்னால இரும்புக் கம்பியக் கழட்ட ஸ்பேனர் கேட்டேன், சகலைதான் எடுத்துட்டு வந்தாரு. அவரு ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், மண்ணுல படுத்துக் கழட்டுனோம். ஏசி தொடவே கூடாதுன்னு மாப்ளகிட்ட சத்தியம் வாங்குனேன். எல்லாம் ஆச்சு. முன்னால கதவத் தொறந்து ஏறப் போறேன். மாப்ள தலையச் சொறியறாரு. சகலைதான் சொன்னாரு.

“எல்லாத்தையும் எறக்கிட்டீங்க. பெரிய மூட்டை ஒண்ணு இன்னும் ஏறிட்டிருக்குதுங்களே சகலை.”

எங்கூட்டுப் பொம்பளைங்க யாரும் பக்கத்துல இல்லாததால அவரச் சும்மா விட்டேன். காலைக் கீழ வெச்சேன். மாப்ள மட்டும் ஒத்தையாக் கெளம்பிப் போனாரு. ரோடு திரும்பற வரைக்கும் பாத்துட்டே நின்னேன். இத்தனூண்டு வண்டி. லாரிங்களுக்கு நடுவுல போகுது. சிரிக்காதீங்க தம்பி, என்னையறியாம கும்பிட்டுட்டேன்.

அப்பறம் நானும் சகலையும் பண்ணை வாசல்ல கட்டில் போட்டு உக்காந்தோம். ஒருத்தரும் பேசல. எதுக்காகப் பேசறது? மூணு மணியாச்சு, மூணரையாச்சு. சகலை கரண்டு பில்லு ஏறிப்போச்சுன்னாரு, தானாப் பேசற மாதிரி. பங்க்குலயும் அப்படித்தானுங்கன்னேன், நானும் தானாப் பேசற மாதிரி. தீவன வெலையச் சொன்னாரு. நான் டேங்கர் வாடகையச் சொன்னேன். கேன் வெவகாரம் ரெண்டு பேர் வாய்லயும் வரல. நாலு மணி தாண்டியும் ஃபோன் வரல. எனக்கு வேர்த்துப்போச்சு. சகலை எழுந்து போய் தண்ணி கொண்டாந்து கைல குடுத்துட்டு, “அந்தப் பையன் போயிருவான். நட்டு நட்டா நிறுத்துப் பண்றவன்னு கேள்விப்பட்டேன்”னாரு. யார் சொல்லிக் கேள்விப்பட்டாரோ.

நாலே காலுக்கு ஃபோன் அடிச்சாரு மாப்ள. மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோய் நிறுத்துனாராம். நிறுத்துன எடத்துலயே வண்டி அணைஞ்சுபோச்சாம். அதுக்கு மேல ஒரு முழம் நகரலையாம். அது நின்னதப் பாத்து டாக்டரம்மா, பரவால்லையே, சரியா வந்து நிறுத்திட்டீங்களேன்னாங்களாம்.

ஆர்டர் கெடைச்சுதான்னு கேக்கறீங்க. கெடைச்சுது. நெனச்ச அளவு இல்ல, ஆறு வண்டி. ஒரு வருசம் ஓட்டிப் பாத்துட்டு மீதியச் சொல்றாங்களாம். ஒரு நர்சுப் பொண்ணு மறுநாள் ஓட்டிப் பாத்துட்டு என்ன சொல்லுச்சு தெரியுங்களா? ஏசி வேண்டாம், ஒரு சின்ன ஃபேன் போதும். பெரிய டயர் வேண்டாம், சந்துல திரும்பல. பாட்டுப் பொட்டி இருந்த எடத்துல மருந்துப் பொட்டி வைங்கன்னுச்சு. நான் வெச்சது அத்தனையும் போச்சு. அதெல்லாம் எடுத்ததும் வெல எறங்கிருச்சு, ஓடற தூரமும் கூடிருச்சுன்னு மாப்ள துள்ளறாரு. ரசனை இல்லாத சனங்க, நான் என்ன சொல்றது. பேப்பர்ல மாப்ள போட்டோ வந்துச்சு. அன்னைக்குத் தெக்கலூர்ல எறங்கி நின்னவன் ஒருத்தன் இருக்கான்னு அதுல ஒரு வரி இல்ல.

தெய்வானை மறுநாள் காலைல பஸ் புடிச்சுத் தெக்கலூர் வந்துச்சு, என்னையக் கூட்டிட்டுப் போக. அக்காளும் தங்கச்சியும் எப்படி அழுவாங்களோ, யார் முதல்ல பேசுவாங்களோன்னு சகலையும் நானும் தூரமா நின்னோம். தெய்வானை பஸ்ஸ விட்டு எறங்குனதும், “அந்த வெளக்கெண்ணெய் தேச்சியா, வலி கேட்டுதா?”ன்னுச்சு. “கேட்டுதுக்கா, நேத்து நீ சொன்ன மாதிரிச் சுட வெச்சுத் தேச்சேன்”னுச்சு சாந்தாமணி. பாருங்க, ரத்த பாசம்னா அப்படித்தான். அத்தன வருசம் பேசாத மாதிரியே இல்ல.

குஜராத்துப் பேச்ச அதோட விட்டாங்க. ஷெட்டுல இப்ப நாலு பேரு வேலை செய்யறாங்க. மூணு வண்டி குடுத்தாச்சு, மூணு பாக்கி. செல்லு இன்னும் கப்பல்ல வருதாம். கோகிலாதான் எதுக்கும் இருக்கட்டும்னு இந்தப் பொட்டிய இங்க வெச்சிருக்குது. அதுக்கு லைன் வாங்க, லைசன்ஸ் வாங்க, எல்லாத்துக்கும் அதுவே அலைஞ்சுது. போன வருசம் டீலர் பத்திரத்துலயும் அது பேரச் சேத்துருச்சு, கையெழுத்துப் போடுங்கப்பான்னுச்சு, போட்டேன். பசங்க சந்தேகம்னா இப்பல்லாம் அதுகிட்டத்தான் போறாங்க. எனக்கு மட்டும் இன்னும் அந்த வெசனம் தீரல. மாப்ள ஷெட்ட விட்டு வர்ற வழியக் காணோம். எனக்கப்பறம் இந்த பங்க்க யார் தம்பி பாத்துக்குவாங்க?

இருங்க, கோகிலா ஏதோ கை காட்டுது. என்ன அம்மிணி? ஓ. உங்க வண்டி எம்பது பர்சென்ட் தொட்டுருச்சாம். ஆளை விடுங்கப்பா, அவருக்கு வேலை இருக்கும்ங்குது.

உக்காருங்க தம்பி, என்ன அவசரம். இந்தப் பங்க்குல எத்தனையோ வருசம் பெட்ரோல் போட்டிருக்கேன். கண்ணாடிய எறக்குவான், காசக் குடுப்பான், போயிருவான். வண்டிய விட்டு எறங்கி ஒருத்தன் என் பேரு என்னன்னு கேட்டதில்ல. இந்தக் கரண்டுப் பொட்டி வந்தப்பறம்தான் மனுசங்க இந்த சோபாவுல உக்கார்றாங்க. அதுக்காக நான் கரண்டு வண்டிக்குக் கட்சி மாறிட்டேன்னு நெனச்சுராதீங்க, நான் பெட்ரோல்காரன்தான்.

எம்பதோட எடுத்துட்டுப் போகாதீங்க. நூறு வரைக்கும் ஏத்திக்குங்க. எம்பதுக்கு மேல ரொம்ப மெதுவாத்தான் ஏறும், அது எனக்குத் தெரியும். இன்னொரு டீ சொல்றேன்.